வேலியோரத்து முகங்கள்

(ஆடி மாதத்து மாலை ஒன்றில், கள்ளிக்காட்டில் ஒரு நூலக முற்றத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். கள்ளிக்காடு என்று பேருந்துப் பலகையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கள்ளிப்பால்தான் நினைவுக்கு வரும். இன்றைக்கு இங்கே எங்கு பார்த்தாலும் ரப்பர். கள்ளியைக் காணவேண்டுமானால் ஏதாவது பழைய வேலியில் தேடவேண்டும். ஆனால் பெயரில் அது நிற்கிறது.

தமிழ்நாட்டில் கள்ளிப்பால் என்று சொன்னால் கேட்பவர் முகம் வாடிப்போகும். உசிலம்பட்டிப் பக்கத்தில் பிறந்த பெண்குழந்தைகளின் வாயில் ஊற்றிய பால் அது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் என்று ஒன்றை அரசு கொண்டுவரும் அளவுக்குப் போன கொடுமை. அந்தக் கள்ளியின் குடும்பத்தைச் சேர்ந்த இலைக்கள்ளியின் பாலைத்தான் ஆயுர்வேத வைத்தியர்கள் பவுத்திர நோய்க்கான க்ஷாரசூத்திர நூலில் பூசுகிறார்கள். நூலுக்கு 21 பூச்சு. முதல் 11 பூச்சும் வெறும் கள்ளிப்பால். அடுத்த 7 பூச்சில் பாலோடு நாயுருவியைச் சுட்டெடுத்த காரம். கடைசி 3 பூச்சில் பாலோடு மஞ்சள். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அந்த நூலைக் கட்டினால் புண்ணின் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து ஆறிவரும்.

உயிரெடுப்பதும் நோய் தீர்ப்பதும் ஒரே குடும்பத்துப் பால். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, 'இயற்கையானதுதானே, என்ன கெடுதல் வரப்போகிறது' என்ற பேச்சை எண்ணிப் பாருங்கள். அந்தப் பேச்சு என்னை வருத்துகிறது. மூலிகையை நான் உயிராக நேசிக்கிறேன். அதனால்தான் வருத்துகிறது.

நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், விளவங்கோடு வட்டத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள். என் பாட்டி பாறசாலைக்காரி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு போட்டபோது அவள் பிறந்த வீடு கேரளத்திலும் வாழ்ந்த வீடு சென்னை மாநிலத்திலும் போயிற்று. வேலியில் நின்ற செடிகளுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. பெயர்கள் மட்டும் இரண்டாயின. பாட்டி எனக்கு ஒரு செடியையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதில்லை. இலையைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, என் மூக்கருகே கொண்டுவருவாள். "பேரு பின்ன சொல்லலாம். முதல்ல மோந்து பாரு, மக்களே" என்பாள். பிறகு தண்டைத் தடவச் சொல்வாள், இலையைத் திருப்பச் சொல்வாள். ஆளைத் தெரிந்துகொள்வதுபோல. ஒருவரின் முகம் பழகாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் விடுவோமா? இன்று மாலை நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இது கர்க்கடக மாதம், எங்களுக்கு ஆடி. உங்கள் வீடுகளில் ஞவரை அரிசியும் வெந்தயமும் சீரகமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கஞ்சி வைக்கும் காலம். அந்தக் கஞ்சியில் தசபுஷ்பம் என்கிற பத்துச் செடியும் சேரும். கடையில் இப்போது அது பெட்டியில் வருகிறது, பொடியாக. பெட்டியைப் பிரித்தால் பழுப்பு நிறப் பொடி ஒன்றுதான். பத்துச் செடியும் அதில் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம், எப்படிச் சொல்வது? நான் அந்தப் பத்தையும் முகத்தோடு சொல்லிப் பார்க்கிறேன், நீங்களும் கூடச் சொல்லுங்கள்.

நீங்கள் கறுக என்பது எங்கள் அறுகம்புல். கையோன்னி எங்கள் கரிசலாங்கண்ணி. செறூள எங்கள் சிறுபீளை. கொங்குநாட்டில் தை பிறப்பதற்கு முந்தைய நாள் வேப்பிலையோடு கூரையில் காப்புக் கட்டுவது அதைத்தான். இங்கே திருவாதிரை இரவில் பெண்கள் தலையில் சூடுகிற பூ, அங்கே வீட்டுக்குக் காவல். முயல்செவியன் எங்களிடமும் முயலின் காதுதான். நிலப்பனை இரு பக்கமும் ஒரே பெயர். பூவாங்குறுந்தலும் அப்படியே. விஷ்ணுகிராந்தி நீலப் பொட்டு வைத்ததுபோலத் தரையில் படரும். திருதாளி கொடி. முக்குற்றியைத் தொட்டால் தொட்டாற்சிணுங்கிபோல் மெல்ல மடங்கும், குட்டித் தென்னைபோல உச்சியில் இலைவட்டம் வைத்திருக்கும். கர்க்கடகத்தின் முதல் ஏழு நாளும் அதன் சாற்றில் பொட்டுவைக்கும் வழக்கம் இந்த ஊர்ப் பெண்களிடம் இன்னும் இருக்கிறதா? கை உயர்த்துகிறீர்கள், மகிழ்ச்சி.

பத்தாவது உழிஞ. எங்களுக்கு முடக்கத்தான். இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். உழிஞை என்பது தொல்காப்பியம் சொல்லும் போர்த்திணை ஒன்றின் பெயர். மதிலை வளைத்துப் போரிடும் படை சூடிய பூ. அகராதிகள் அதை முடக்கத்தான் என்றே தருகின்றன. தமிழ் பேசும் நாங்கள் அந்தச் சொல்லைப் புத்தகத்தில் விட்டுவிட்டோம். மலையாளம் பேசும் உங்கள் அம்மமார், தலை தேய்த்துக் குளிக்கத் தாளி என்ற இலைக்குழம்பு பிழியும்போது, அதை இன்றும் வாயில் வைத்திருக்கிறார்கள். மற்றப் போர்ப்பூக்களையும் பாருங்கள். ஆநிரை கவர்ந்தவர் சூடிய வெட்சிதான் உங்கள் தெற்றி. அதன் பூவைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கிறீர்கள். மதில் காத்தவர் சூடிய நொச்சி, சளிக்கு ஆவி பிடிக்கும் பானையில் கிடக்கிறது. நேருக்கு நேர் நின்று பொருதவர் சூடிய தும்பை, மூக்கடைப்புக்குக் கைமருந்து. படையெடுத்துப் போன பூக்களெல்லாம் நம் வேலியில் வந்து இறங்கிப் பிள்ளை வளர்க்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டுக் குரோட்டன் நடும் வீடுகளைக் காணும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, பெயரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன்.

அசோகமரம் என்று கேட்டால் சென்னையிலோ மதுரையிலோ பத்துக்கு எட்டுப் பேர் நெட்டையாக நிற்கும் நெட்டிலிங்கத்தைக் காட்டுவார்கள். பெண்களின் உதிரப்போக்குக்குக் கொடுக்கும் அசோகாரிஷ்டத்தின் அசோகம் அதுவல்ல. அது செம்மஞ்சள் பூ கொத்துக்கொத்தாக மரத்தண்டிலேயே பூக்கும், மணக்கும். பட்டையாகச் சீவிக் காயவைத்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நெட்டிலிங்கப் பட்டை அசோகப் பட்டையாக விற்கப்படுவது சந்தையில் பழகிப்போன மோசடி. அசல் அசோகமோ காட்டில் அருகிக்கொண்டே வருகிறது.

பிரம்மி என்று வடநாட்டில் பல இடங்களில் விற்பது நம் வல்லாரை. இங்கே பிரம்மி என்றால் நீர்ப்பிரமி, வயல் வரப்பின் ஈரத்தில் சின்ன வெள்ளைப் பூவோடு படர்ந்திருக்கும். வல்லாரை இலை குளம்படி வடிவம், நீர்ப்பிரமி இலை தடித்த சிறு கரண்டி. முகத்தைப் பார்த்தவர் ஒருநாளும் ஏமாறமாட்டார். சங்கபுஷ்பி என்று நீங்கள் சொல்வது சங்குப்பூ. வடக்கே அந்தப் பெயரில் கொடுப்பது வேறு ஒரு சிறு படர்செடி.

கஸ்தூரி மஞ்சளின் கதையை இந்தத் தாய்மாருக்குக் கட்டாயம் சொல்லவேண்டும். முகத்துக்குப் பூச நாம் வாங்கும் பொடி பளீரென்று மஞ்சளாக இருக்கிறது. அசல் கஸ்தூரி மஞ்சளின் கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிறிய சந்தன நிறம், கற்பூர வாசனை. பளீர் மஞ்சளாக வருவது பெரும்பாலும் மஞ்சக்கூவை. பூசினால் உயிர் போய்விடாது, ஆனால் நாம் தேடியது அதுவல்ல. கிழங்கை ஒருமுறை வாங்கித் தொட்டியில் நட்டுவிட்டால் பிறகு யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பெயர்க்குழப்பம் உயிரை எடுத்த கதையும் உண்டு, அது பெல்ஜியத்தில் நடந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் மெலிவதற்கென்று சீன மூலிகைகள் சேர்ந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கத் தொடங்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதையில் புற்று. சீன மொழியில் பாங்ஜி என்று முடியும் இரண்டு வேர்கள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றது பெட்டியில் போயிருந்தது. அந்த மற்றது அரிஸ்டோலோக்கியா இனம். நம் வேலியில் ஏறும் ஈசுவரமூலிக்கு, கருடக்கொடி என்கிறீர்களே அதற்கு, நேர் உறவு. பாம்புக்கடிக்கு என்று பெயர்பெற்ற கொடி. அதன் அமிலம் சிறுநீரகத்துக்கு ஆகாது. வண்ணத்துப்பூச்சிக்கு அது உணவு, அதற்காக வேலியில் வையுங்கள். கஷாயத்தில் போடாதீர்கள்.

இதையெல்லாம் நினைக்கும்போது பதினேழாம் நூற்றாண்டில் நடந்த ஒரு வேலையின் அருமை தெரிகிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளி வைத்தியர் இட்டி அச்சுதன் சொல்லச் சொல்ல மலையாள நாட்டின் செடிகளை எழுதுவித்தார். ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ், ஆம்ஸ்டர்டாமில் 1678 தொடங்கி 1693 வரை 12 தொகுதிகளாக அச்சானது. அதில் எனக்குப் பிடித்தது அதன் படங்கள். இலை, பூ, காய், வேர், எல்லாம் வரைந்து, பக்கத்தில் பல எழுத்துகளில் பெயர். பெயர் மாறினாலும் முகம் மாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லத்தீனில் கிடந்த அந்த நூலைப் பேராசிரியர் மணிலால் ஆண்டுக்கணக்கில் உழைத்து மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் ஆங்கிலத்திலும் 2008-இல் மலையாளத்திலும் வெளியிட்டது. தமிழில் யாராவது முழுதாகச் செய்வார்களானால் அவர்கள் காலில் விழுவேன்.

இனிக் குடிக்கும் காரியம்.

மூலிகைத் தேநீர் என்று இப்போது கடையில் அழகழகான பெட்டிகள். இது புதிது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் மருந்தெடுக்கும் அடிப்படை முறைகள் ஐந்து. பச்சைச் சாறு, அரைத்த விழுது, கொதிக்கவைத்து வற்றவைத்த கஷாயம், இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊறவைப்பது, கொதிநீரை ஊற்றி மூடிவைத்து இறுத்தெடுப்பது. கடைசியான அந்த முறையைப் பாண்டம் என்பார்கள். நீங்கள் பையை முக்கிக் குடிக்கும் மூலிகைத் தேநீர் அதேதான். தேயிலை என்பது ஒரே ஒரு செடி. மற்றதெல்லாம் ஊறல்நீர்.

கஷாயத்துக்கும் இதற்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கேரள வைத்திய முறையில் கஷாயம் என்றால் ஒரு பலம் மருந்துக்கு, ஏறக்குறைய 48 கிராமுக்கு, 12 நாழித் தண்ணீர் ஊற்றி ஒன்றரை நாழியாக வற்றவைக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு. அது மருந்து. நோய்க்கு, வைத்தியர் சொன்ன நாள்கணக்குக்குக் குடிப்பது. ஒரு தம்ளர் கொதிநீரில் ஒரு சிறு கரண்டி போட்டு இறுப்பது உணவோடு சேர்ந்தது. கொரோனா காலத்தில் இந்த வேறுபாடு பலருக்கு மறந்துபோனது. கஷாயத்தைத் தேநீர்போல நாள்தோறும் மூன்றுவேளை மாதக்கணக்கில் குடித்தார்கள். 2020-இன் கடைசி மாதங்களில் மும்பையில் சீந்தில்கொடி குடித்த 6 பேருக்குக் கல்லீரல் வீங்கியதை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அது சீந்திலா, சீந்தில்போலவே தோன்றும் உறவுக்கொடியா என்ற வாதம் பிறகு எழுந்தது. பாருங்கள், மறுபடியும் முகம்.

உங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் கேட்காமலே இளஞ்சிவப்பு வெந்நீர் வைக்கிறார்கள். பதிமுகம். பழங்காலத்தில் துணிக்குச் சாயமேற்றிய மரத்தின் வைரம் அது. நல்ல வழக்கம். ஆனால் அதில் பாதி நன்மை பதிமுகத்தினுடையது இல்லை, நெருப்பினுடையது. மஞ்சள்காமாலையில் ஒரு வகையும் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் தண்ணீரில் வருபவை, கொதித்தால் அந்தக் கிருமி போகும். கொதித்த சிவப்பு நீர் சூடாக இருக்கிறதென்று குழாய்த் தண்ணீரைக் கலந்து கொடுக்கும் கையைப் பார்த்திருக்கிறேன். நிறம் இருக்கிறது, காவல் போய்விட்டது. சீரகமோ துளசியோ பதிமுகமோ, போடுவது எதுவானாலும் தண்ணீர் நன்றாகக் கொதிக்கட்டும், தானாக ஆறட்டும்.

சுக்குக்காப்பியைப் பற்றி நான் இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. சுக்கு, மல்லி, மிளகு, நாலு துளசி இலை, பனையேறியவர் இறக்கிய அக்கானியைக் காய்ச்சிய கருப்பட்டி. இந்த மழைக்கு அதைவிட என்ன வேண்டும்? கருப்பட்டியிலும் சர்க்கரைதான் இருக்கிறது என்பதை நீரிழிவுக்காரர்கள் மட்டும் நினைவில் வையுங்கள். நாட்டுச் சர்க்கரை உடம்பில் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செம்பருத்தித் தேநீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் பாஸ்டனில் 65 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது, 2010-இல் வெளியானது. 6 வாரம் தினம் மூன்று கோப்பை குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் சராசரியாக 7 புள்ளி குறைந்தது. உண்மையான ஆய்வு. ஆனால் அவர்கள் கொடுத்தது வேலியில் நிற்கும் செம்பருத்தி அல்ல. புளிச்சைக்கீரை இனத்தின் சிவந்த புளிப்புப் புல்லிவட்டம். அதற்கும் இதற்கும் ஒரே குலப்பெயர், அவ்வளவே. வேலிச் செம்பருத்தி இலையின் வழவழப்பு தலைக்குத் தாளியாகப் பிசைவதற்கு அருமையானது. அழுக்கை மெல்ல எடுக்கும், எண்ணெயை முழுக்க உறிஞ்சிவிடாது. அந்த வேலையை அது செய்யட்டும்.

கீழாநெல்லிக்கும் இப்படி ஒரு கதை. 1988-இல் சென்னையில் பேராசிரியர் தியாகராசன் குழுவினர் செய்த ஆய்வு லான்செட் இதழில் வந்தது. பி வகைக் காமாலைக் கிருமியைச் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்தக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. மற்றவர்களில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் அப்படியே வரவில்லை. செடி வகை வேறா, பறித்த காலம் வேறா, முதல் ஆய்வே சிறியதா என்று இன்னும் பேசுகிறார்கள். எனக்கு இதில் வெட்கமில்லை, பெருமைதான். சோதித்துப் பார்க்கத் துணிந்தோம் என்ற பெருமை. ஆனால் கண் மஞ்சளித்தால் முதலில் இரத்தம் சோதிக்கப் போங்கள். கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு பத்து நாள் வீட்டில் காத்திருக்காதீர்கள். எந்தக் காமாலை என்று தெரியாமல் காத்திருந்து இழந்த ஒருவரை எனக்குத் தெரியும், அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

மெலிவதற்கான தேநீர் என்று விற்கும் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் நிலாவரை இருக்கும். உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலியின் பெயரே உண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வரும் வறண்ட நிலத்துப் பயிர். பேதி மருந்து அது. எடை குறைவது தண்ணீரும் மலமும் போவதால்தான், கொழுப்பு அங்கேயே இருக்கிறது. வாரக்கணக்கில் குடித்தால் குடல் அதற்குப் பழகி, அதில்லாமல் இயங்க மறுக்கக்கூடும். அதிமதுரம் தொண்டைக்கு இதம், ஆனால் நாள்தோறும் நிறையச் சேர்த்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், உடம்பின் பொட்டாசியத்தை இறக்கும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சிறுகுறிஞ்சானும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயங்கக்கூடும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது எந்தப் புது மூலிகையும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது குடிப்பதைச் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் சொல்லுங்கள்.

அழகுக்கு வருகிறேன், பெண்பிள்ளைகள் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

எங்கள் பக்கம் நலங்குமாவு என்போம். பயத்தம்பருப்பு, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போக அரிசி. சோப்பை விட மென்மை, தோலின் எண்ணெயை விட்டுவைக்கும். இதில் கார்போக அரிசியை மட்டும் தனியே சொல்லவேண்டும். வெண்குட்டத்துக்கு அது மருந்து. தோலில் பட்டு வெயில் விழுந்தால் தோலைக் கறுக்கவைக்கும் பொருள் அதில் இருக்கிறது, அதனால்தான் அது அங்கே மருந்து. என் தங்கை மகளின் கல்யாணத்துக்கு நானே மாவு திரித்தேன். பாட்டி ஒரு பிடி மாவுக்குச் சிட்டிகை போடுவாள். நான் ஆசையில் கைநிறையப் போட்டேன். பிள்ளை முகத்தில் பூசி, சரியாகக் கழுவாமல், உச்சிவெயிலில் நிச்சயதார்த்தத்துக்கு ஆள் அழைக்கப் போனாள். நெற்றியும் கன்னமும் சிவந்து கொப்பளித்து, பிறகு கறுத்தது. கல்யாணப் படத்தில் அந்தக் கறுப்பு இருக்கிறது. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாவரவியல் படித்த கை செய்த பிழை அது, அளவு தெரியாத பிழை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் போவதும் இதே வம்புதான்.

எண்ணெய்க்கு நீலிபிருங்காதியைச் சொல்வேன். அவுரி, கையோன்னி, உழிஞ, நெல்லிக்காய்ச் சாறுகளோடு தேங்காய்ப்பாலும் பசு, ஆடு, எருமைப் பாலும் சேர்த்துக் காய்ச்சுவது. சகஸ்ரயோகம் என்ற வைத்திய நூலில் உள்ளது. அதில் குன்றிமணியும் சேரும், கடும் நஞ்சு, சுத்தி செய்யத் தெரிந்த கைகளுக்கானது. ஆகவே வீட்டில் காய்ச்சப் போகாதீர்கள், தெரிந்த வைத்தியசாலையில் வாங்குங்கள். வீட்டில் செய்யத் தகுந்தது கையோன்னிச் சாறு காய்ச்சிய வெறும் தேங்காயெண்ணெய். உதிர்ந்த முடியெல்லாம் முளைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தலை குளிரும், தூக்கம் வரும், முடி உடையாமல் மினுங்கும். அது போதாதா? மருதாணி பற்றியும் ஒன்று: பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிறது என்றால் அது மருதாணி அல்ல, அதில் சாயரசாயனம் இருக்கிறது. மருதாணி பொறுமையாகச் சிவக்கும்.

உங்கள் ஊர் அணைக்கு அக்கரையில் நிற்கும் மலையைக் காட்டாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடம். சித்த மருத்துவத்தின் முதல்வர் அங்கே தவமிருக்கிறார் என்று நாங்கள் நம்புகிறோம். அந்த மலையடிவாரத்துக் காணிக்காரப் பழங்குடிகளோடு 1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஆய்வாளர்கள் காடேறினார்கள். படித்தவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. வழிகாட்டிய காணிகள் ஏதோ சிறு பழத்தைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். கேட்டுக் கேட்டுத்தான் அந்தச் செடியைக் காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில் தாழ்ந்து வளரும் செடி. ஆரோக்யபச்சா. பாலோட்டுத் தாவரவியல் பூங்கா ஆய்வகத்தில் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ஜீவனி என்ற மருந்தாயிற்று. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் உரிமம் கொடுத்தார்கள். அதில் பாதி காணிகளுக்கு. 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. காட்டு மக்களின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகம் முழுக்க இதைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

பங்கு கொடுத்தது பெரிய காரியம். ஆனால் எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. காணிகள் தின்றது பழத்தை, பச்சையாக, மலையேறும் நாளில், நாலைந்து. நமக்கு வந்தது இலைப்பொடி, டப்பாவில். அவர்களிடம் அந்தச் செடியோடு இடமும் நேரமும் அளவும் இருந்தன. டப்பாவில் அந்த மூன்றையும் அடைக்க முடியவில்லை. அந்த மலையிலிருந்து நாம் செடியை மட்டும் இறக்கினோம் என்றே நினைக்கிறேன்.

டப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்துக்கு டப்பா வேண்டும், ஆனால் உரிமம் பெற்றவர் செய்ததாக இருக்கட்டும், தொகுதி எண்ணும் தேதியும் இருக்கட்டும். பாஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்து 2004-இல் முடிவு வெளியான 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. நாள்தோறும் குடிப்பதும் பூசுவதும் மட்டும் உங்கள் வேலியிலிருந்து வரட்டும் என்கிறேன்.

நேரமாகிவிட்டது, மழையும் விட்டிருக்கிறது. வெளியே திண்ணையில் பத்துத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். பெயர்ச்சீட்டு எதிலும் ஒட்டவில்லை. கடைசி இரண்டு தொட்டியிலும் இருப்பது கீழாநெல்லிபோலத் தோன்றும். ஒன்றின் தண்டு செந்நிறம் ஓடியது, காய் சொரசொரப்பாகக் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மற்றதன் காய் வழவழப்பு, மெல்லிய காம்பில் தொங்கும். இலைக்குக் கீழே திருப்பிப் பார்த்து, எது நம்முடையது என்று பிள்ளைகள் எனக்கு வந்து சொல்லவேண்டும். பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது. வாருங்கள், விளக்கை அந்தப் பக்கம் திருப்பச் சொல்கிறேன்.